துண்டுக்கடியில் யாருடைய கை?

மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் வாய் திறந்து பேசுவதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் எதிரெதிரே நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைகளின்மேல் போட்டுக்கொண்டு, அதன் மறைவில் ஒருவர் விரலை ஒருவர் பற்றி அழுத்தி, இத்தனை விரலுக்கு இத்தனை நூறு என்று வழிவழியாக வந்த கணக்கின்படி பேரத்தை நடத்தி முடிப்பார்கள். சுற்றி இருபது பேர் நிற்பார்கள். ஒருவருக்கும் விலை தெரியாது. சிறுவனாக என் தகப்பனாரோடு சந்தைக்குப் போன நாட்களில் நான் மாடுகளைப் பார்த்ததைவிட அந்தத் துண்டைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு சலனமுமின்றி, எங்கோ பார்த்தபடி நிற்கும் இருவருக்கிடையே அந்தத் துண்டு மட்டும் லேசாக அசைந்துகொண்டிருக்கும்.

ஆனால் பல பேரங்களில் இருவரும் நேரே கை பிடிப்பதில்லை. நடுவில் தரகர் ஒருவர் இருப்பார். அவர் விற்கிறவரின் விரலைப் பிடித்து ஒரு தொகையை அறிந்துகொண்டு, நாலடி தள்ளி நிற்கும் வாங்குகிறவரின் விரலைப் பிடித்து ஒரு தொகையைச் சொல்வார். நேர்மையான தரகர் இரு கைக்கும் ஒரே தொகையைச் சொல்லி, தமக்குரிய தரகை வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். அத்தகையவரே அதிகம் என்று சொல்வதுதான் நியாயம். எனினும், இந்தக் கைக்கு நானூறு, அந்தக் கைக்கு நானூற்று ஐம்பது என்று அழுத்திவிட்டு, இடையில் நின்ற ஐம்பதைத் தம் மடியில் முடிந்துகொள்கிற ஆசாமியும் உண்டு. அங்கேயும் துண்டு இருக்கிறது. இரகசியம் அங்கேயும் குறைவறக் காக்கப்படுகிறது. சுற்றி நிற்கும் இருபது பேரும் ஒன்றும் அறியார். மோசம் நடந்தது துண்டுக்கு உள்ளே. "துண்டு போட்டாச்சுன்னு அசந்துராத, உள்ள இருக்கிறது யாரு கைன்னு பாரு" என்று என் தகப்பனார் சொல்வார்.

பல்லாண்டுகளாக மறந்திருந்த இந்த வார்த்தை சில வாரங்களுக்கு முன் உத்தமபாளையத்தில், என் சகோதரியின் மகன் நடத்தும் வரிக்கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. ஏலத்தோட்டக்காரர்கள், கமிஷன் கடைக்காரர்கள், திராட்சை வியாபாரிகள் எனப் பலருடைய கணக்குகள் அவன் கையில் இருக்கின்றன. சென்னையிலுள்ள ஒரு பெரிய தணிக்கை அலுவலகம், தன் சர்வருக்கு இனிக் கோப்புகளை எஸ்.எஃப்.டி.பி. என்னும் பாதுகாப்பான வழியாகவே அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு எழுதியிருந்தது. நல்ல நிபந்தனைதான். முதல் முறையாக அவன் அந்தச் சர்வருடன் தொடர்பு ஏற்படுத்தியபோது, கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நான்கு வரிகள் தோன்றின. எதிரேயுள்ள இயந்திரம் உண்மையில் இன்னாருடையதுதான் என்று உறுதிசெய்ய இயலவில்லை, அதன் விரல்ரேகை இது, தொடரலாமா என்பது அவற்றின் சாரம். நடுவே, பொருளற்றது போல் தோன்றும் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு நீண்ட வரி. நான் படித்து முடிக்குமுன் அவன் 'யெஸ்' என்று தட்டிவிட்டான்.

"என்ன மாப்ள, ஏதோ கேட்டுச்சே?"

"மொதத் தடவை அப்படித்தான் கேட்கும் மாமா. யெஸ்னு அடிச்சுட்டா அப்புறம் கேட்காது."

"அந்த எழுத்த எதோடயாவது ஒத்துப் பார்க்கணும்ல?"

"யாரு மாமா அதெல்லாம் பாக்குறா?"

அவன் சோம்பேறி அல்லன். ஒரு ரூபாய் உதைத்தாலும் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்கிறவன். தொலைபேசித் துறையில் முப்பது ஆண்டு ஊழியம் பார்த்தவன் என்ற முறையில் நான் அறிந்தவரை, பெரிய ஊர்களின் பெரிய அலுவலகங்களிலும் அந்தக் கேள்விக்கு இதே பதில்தான் தட்டப்படுகிறது. கோப்புகளை மறைத்து அனுப்பும் வித்தையை நாம் கற்றுக்கொண்டோம்; ஆனால் யாருக்கு அனுப்புகிறோம் என்று பார்க்கும் வழக்கத்தை, அதிலும் கைபிடித்து வியாபாரம் செய்து பழகிய இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில், கணினிக்கு முன் உட்கார்ந்தவுடன் கைவிட்டுவிட்டோம் என்பதே என் வருத்தம்.

இது வெறும் கணினிக்காரர்களின் விவகாரம் என்று ஒதுக்கிவிடுவதற்கில்லை. போடிநாயக்கனூரில் ஏலம் என்னும் ஒரே சொல் சரக்கையும் குறிக்கும். அச்சரக்கு விலைபோகும் முறையையும் குறிக்கும். கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நறுமணப் பொருள்கள் வாரியம், நம்மவர் ஸ்பைசஸ் போர்டு என்றே வழங்குவது, 2007இல் ஏலக்காய் ஏலத்தை மின்னணு முறைக்கு மாற்றியது. அதற்கு முன் கூவிக் கேட்ட விலையை இப்போது வியாபாரிகள் கணினி முன் உட்கார்ந்து விசையைத் தட்டிக் கேட்கிறார்கள். வரிசை வரிசையாக மாதிரிக் காய் கைமாறி வருகிறது. ஒரு பிடி அள்ளி, பச்சையைப் பார்த்து, பருமனைப் பார்த்து, ஒரு காயை உடைத்து முகர்ந்துவிட்டு, கையிலே அந்த மணம் மாறுமுன் விரல் விசைக்குப் போய்விடுகிறது. 2021 ஜனவரியில் இம்முறை மேலும் விரிந்து, போடியிலும் மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் உள்ள இரு மையங்களிலும் இருக்கும் வியாபாரிகள் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் பங்குகொள்ளும் ஏற்பாடு சோதனை முறையில் வந்தது. கம்பம் மெட்டுக்கும் போடி மெட்டுக்கும் அப்பால் தோட்டம் வைத்திருக்கும் தேனி மாவட்டத்துக் குடும்பங்களின் ஒரு வருஷ உழைப்பு இன்று இப்படி மின்சாரத்தின்மேல் ஏறித்தான் விலையாகிறது.

ஏலக்கூடத்துத் திரையைக் காப்பது வாரியத்தின் பொறுப்பு. நான் கவலைப்படுவது திரை அணைந்த பிறகு நடப்பதைப் பற்றி. எந்த லாட்டு யாருடையது, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, என்ன விலை என்ற பட்டியல், அதற்கான பில், ஜி.எஸ்.டி. கணக்கு, வங்கிக் கணக்கு எண், தோட்டத்துத் தொழிலாளர் சம்பளப் பதிவேடு, கடனுக்காகக் கேட்கப்படும் பட்டா நகல் என்று, ஒரு மூட்டை ஏலக்காய்க்குப் பின்னால் ஒரு கட்டுக் காகிதம் நடக்கிறது. காகிதமாக இருந்தவரை அது கணக்குப்பிள்ளையின் மஞ்சள் பையில் போயிற்று. இப்போது கோப்பாகிவிட்டது. கோப்பு எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால், போய்ச் சேர்ந்தால் சரி என்பதே பெரும்பாலும் பதில்.

ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பை அனுப்புவதற்கான முதல் விதிகளை வகுத்தவர் ஓர் இந்தியர் என்பதை நம்மில் பலர் அறியார். அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவராகத் தேறி, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மேற்படிப்புப் படித்த அபய் பூஷண், 1971 ஏப்ரலில் வெளியிட்ட ஒரு சிறு ஆவணமே எஃப்.டி.பி. என்று இன்றளவும் வழங்கும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறைக்கு வித்து. அன்று அந்த வலைப்பின்னலில் இணைந்திருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சில பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். அவற்றில் பணி புரிந்தோர் ஏறக்குறைய ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆதலால் பயனர் பெயரும், கடவுச்சொல்லும், கோப்பின் உள்ளடக்கமும் எழுதியது எழுதியபடியே கம்பியில் பிரயாணம் செய்தன. வாசலில் நெல்லைக் காயப்போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போய்வரக்கூடிய ஊரில் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தாததை யாரும் குறையாகச் சொல்லமாட்டார்கள். அந்த ஊர் உலகம் முழுவதையும் தன்னுள் அடக்கிய மாநகரமாக வளர்ந்த பிறகும் தாழ்ப்பாளின்றியே காலம் கழித்தது பூஷணுடைய பிழையன்று, நம்முடையது. குரோம், ஃபயர்பாக்ஸ் ஆகிய உலாவிகள் எஃப்.டி.பி.க்கு விடைகொடுத்ததே 2021இல்தான். ஐம்பது ஆண்டுகள் ஆயின. கடைவாசல்களில் மாட்டப்பட்டிருக்கும் கண்காணிப்புக் கேமராக்களில் பல, படங்களைச் சேமிப்பிடத்துக்கு அனுப்ப இன்றும் இந்தப் பழைய வழியை ஏற்கின்றன.

தாழ்ப்பாளைச் செய்தவர் பின்லாந்து தேசத்தவர். 1995இல், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் யாரோ ஒருவர் ஒட்டுக்கேட்கும் நிரலொன்றைப் பொருத்திக் கடவுச்சொற்களைக் கவர்ந்துவிட, அங்கு ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு இலோனன், சில மாத காலத்தில் எஸ்.எஸ்.எச். என்ற நெறிமுறையை எழுதி, அதே ஆண்டு ஜூலையில் உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். இணையத்தில் ஒவ்வொரு சேவைக்கும் ஒரு வாசல் எண் உண்டு, எஃப்.டி.பி.க்கு 21, தொலைவிலுள்ள கணினியில் உள்நுழைய உதவும் டெல்நெட்டுக்கு 23. இவ்விரண்டுக்கும் மாற்றாகத் தாம் செய்ததற்கு இடையிலிருந்த 22ஆம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1999இல் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் அதை யாவரும் தடையின்றிப் பயன்படுத்தவும் திருத்தவும் ஏற்ற வகையில் ஓப்பன்எஸ்.எஸ்.எச். என்று வெளியிட்டார்கள். எஸ்.எஃப்.டி.பி. என்பது இந்தக் காப்புக்குள் கோப்புகள் போய்வரும் முறை. விண்டோஸ் 10இல் இதன் கருவி 2018 முதல் உடன் வருகிறது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததல்லவா, அந்தக் குடும்பத்து இயங்குதளங்களில் இக்கருவி வழக்கமாகவே இருப்பதுதான். பணம் செலவழிக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டும் என்ற ஆக்ஷேபங்களுக்கு இங்கே இடமில்லை.

இதன் நுட்பத்தில் எனக்குப் பெருவியப்பு அளிப்பது ஒன்று. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் வெளியிட்ட கணித முறைப்படி, முன்பின் அறியாத இருவர், ஆயிரம் பேர் கூடியிருக்கும் சந்தை நடுவே நின்று, துண்டும் இல்லாமல், எல்லாரும் கேட்கும்படி எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டாலும், பேச்சு முடிந்தபோது அவ்விருவருக்கு மட்டும் தெரிந்த ஓர் இரகசிய எண் அவர்களிடம் இருக்கும். அத்தனையையும் கேட்டவர்கள் அதைக் கணித்தறிய முடியாது. அந்த எண்ணே பூட்டாகிறது. அதன்பின் போகும் ஒவ்வொரு துணுக்கும் மறையாக்கம் செய்யப்படுவதோடு, அதனதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஒரு முத்திரையையும் சுமந்து செல்லும். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. பெறுகிற இயந்திரம் அதை ஏற்காது.

முத்திரையைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். ஏனெனில் பாதுகாப்பு என்றவுடன் மறைப்பதை மட்டுமே நம்மவர் நினைக்கிறார்கள். வைகை அணையின் முழுக்கொள்ளளவு மட்டம் 71 அடி. நீர் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. இந்த எண்ணில் இரகசியம் என்ன இருக்கிறது? நாள்தோறும் பத்திரிகையில் வருகிறது, டீக்கடையில் படிக்கிறோம். ஆயினும், அணையிலிருந்து புறப்பட்ட 68.5 என்பது போய்ச் சேருமிடத்தில் 65.8 ஆகிவிட்டால், மதுரையிலும் சிவகங்கையிலும் இராமநாதபுரத்திலும் ஆற்றங்கரையில் படுத்திருப்பவர்களுக்கு அதன் பொருள் என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் 142 அடிவரை இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்த பிறகு, அந்த அணையைக் குறித்த ஒவ்வோர் அங்குலமும் இரு மாநிலங்களின் அக்கறைக்கு உரியதாயிற்று. மறைக்க வேண்டாத எண்ணும் மாறாமல் போய்ச் சேர வேண்டும். பழைய எஃப்.டி.பி. அந்த உத்தரவாதத்தைத் தருவதில்லை, எஸ்.எஃப்.டி.பி. தருகிறது.

இவ்வளவும் இருந்தும் தரகர் உள்ளே வர ஒரு வழி திறந்திருக்கிறது. சந்தை நடுவே உரக்கப் பேசி இரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளும் அந்த அற்புத முறையில், எதிரே நிற்பவர் யார் என்பதற்கு விடையில்லை. நடுவில் ஒருவன் புகுந்து, உத்தமபாளையத்தோடு ஓர் எண்ணையும் சென்னையோடு வேறோர் எண்ணையும் உண்டாக்கிக்கொண்டால், இரு பக்கமும் பூட்டு உறுதியாகவே இருக்கும். இரு சாவியும் அவனிடமே இருக்கும். கோப்பைத் திறந்து பார்ப்பான், வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் புதிதாகப் பூட்டி அனுப்புவான், கடவுச்சொல்லை எழுதிவைத்துக்கொள்வான். இதைத் தடுக்கவே ஒவ்வொரு சர்வருக்கும் மாறாத ஒரு சாவியும், அச்சாவியின் சுருக்கமாக விரல்ரேகை என்று அழைக்கப்படும் 43 எழுத்துகளும் வைத்தார்கள். வங்கித் தளங்களில் பூட்டுச் சின்னத்தைக் காட்டும் உலாவிக்கு, இன்னார் இன்னாரே என்று சாட்சி சொல்லும் மூன்றாமவர் இருக்கிறார். எஸ்.எஸ்.எச். வழக்கமாக அப்படியொரு சாட்சியை நாடுவதில்லை. முதல் சந்திப்பில் உன்னையே கேட்கிறது. நீ சரியென்று சொன்னால் அந்த ரேகையை ஞாபகம் வைத்துக்கொண்டு, பின்னொரு நாள் அது மாறியிருந்தால் திரை நிறைய எச்சரிக்கை எழுதிக் கூக்குரலிடும். அந்தக் கூக்குரலையும், பழைய வரியை அழித்துவிட்டால் அடங்கிவிடும் என்று தெரிந்துகொண்டு, நாம் அடக்கிவிடுகிறோம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு சென்ட் நிலம் கைமாறுவதானாலும், எழுதிக் கொடுப்பவர் விரல் பதித்தால் மட்டும் போதாது. இவர் இன்னார்தான் என்று அடையாளம் காட்டுகிற சாட்சிகள் இருவர் வந்து கையொப்பமிட வேண்டும். அந்த ஜாக்கிரதையை நாம் யாரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை. மண்ணுக்குச் செய்வதை அம்மண்ணின் பட்டா நகலுக்குச் செய்யாமல் விடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் வாட்ஸப் இருக்கிறதே, அதுவும் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை, வழியைப் பொறுத்தவரை அது பழைய எஃப்.டி.பி.யைவிட எத்தனையோ மேல். ஆனால் கோப்பு வழியிலேயே தங்குவதில்லையே. சென்ற ஆண்டு ஒரு சான்றிதழுக்காக நகல் எடுக்க நான் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரப் பையன் மரியாதையானவன். "இந்த நம்பருக்கு வாட்ஸப்புல அனுப்புங்க ஐயா, பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்றான். அனுப்பினேன். என்னுடையதைத் தேட அவன் திரையை மேலும் கீழும் உருட்டியபோது, யாரோ ஒரு பெண்ணின் ஆதார் அட்டை, யாருடைய கருவுற்ற நிலையையோ காட்டும் ஸ்கேன் படம், ஒரு விவாகரத்து மனுவின் முதல் பக்கம், வங்கிப் புத்தகங்கள், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் பாகப்பிரிவினைப் பத்திரம் என்று ஊர் முழுவதும் என் கண் முன்னே ஓடியது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பையனுக்குத் தீய எண்ணம் சிறிதும் இல்லை. அழிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் மண்டல அலுவலகம் ஒன்று, ஆதார் நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், எண்ணின் பெரும்பகுதியை மறைத்த நகலைக் கொடுங்கள் என்று எச்சரித்தது. தவறாகப் பொருள்கொள்ளப்படும் என்று இரண்டே நாட்களில் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மறைத்த நகலை எடுத்துக்கொள்ளும் வசதி இன்றும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிற அலுவலகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

கோப்பு தங்குமிடத்தைப் பற்றிய இந்தக் கவலை ஜெராக்ஸ் கடையோடு நிற்பதன்று. 2023இல், பெரிய நிறுவனங்கள் கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்வதற்கென்றே விலைக்கு வாங்கி வைத்திருந்த மூவ்இட் என்ற மென்பொருளில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்த கொள்ளைக் கூட்டம், உலகெங்கும் 2,000க்கும் மேற்பட்ட ஸ்தாபனங்களின் கோப்புகளை அள்ளிச் சென்றது. அங்கே மறையாக்கம் தோற்கவில்லை. சாலை பத்திரமாகத்தான் இருந்தது. போய்ச் சேர்ந்த கிட்டங்கியின் பின்கதவு வழியே கோப்புகள் போயின. அனுப்பிய வேலை முடிந்தவுடன் கோப்பைச் சர்வரிலிருந்து அகற்றியிருந்தவர்களுக்கு இழக்க அதிகம் இருந்திராது.

இன்னொன்று, எஸ்.எஸ்.எச். சர்வர்களுக்கே நேர்ந்திருக்கக்கூடிய பேராபத்து. 2024 மார்ச் மாதம், ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் என்ற பொறியாளர் தம் கணினியில் எஸ்.எஸ்.எச். வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி அதிகமாகிறதே என்று கவனித்தார். அரை விநாடி, கண்ணை மூடித் திறக்கும் நேரம். வேறு யாராயிருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடாமல் தோண்டிக்கொண்டே போக, எக்ஸ்.இசட். என்ற சிறு சுருக்கக் கருவியின் புதிய பதிப்புகளில், நீண்ட காலம் நல்லவராக நடித்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், உலகத்துச் சர்வர்களுக்குள் புகும் கள்ளவழியை ஒளித்துவைத்திருந்தது வெளியாயிற்று. பெரும்பாலான சர்வர்களைச் சென்றடையுமுன் அது நீக்கப்பட்டது. பாதுகாப்பு என்பது ஒரு முறை பொருத்திவிட்டு மறந்துவிடும் சாதனம் என்று எண்ணுகிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்த அரை விநாடியைப் பொருட்படுத்திய ஒரு மனிதர் இருந்தார்.

சட்டம் இப்போது பின்னால் வந்துகொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய தகவலை வைத்திருப்பவர் தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. 2022 ஏப்ரலில் கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவு, கணினிப் பாதுகாப்புக்கு ஊறு நேர்ந்ததை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இவை அவசியமானவையே. ஆனால் அபராதத்துக்குப் பயந்து ஒரு சிறு கமிஷன் கடைக்காரர் தம் வழக்கத்தை மாற்றிக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்குப் பழக்கமான ஒரு பொருளில் வைத்துக் காட்டினால் மாற்றிக்கொள்வார்.

அவர் பில் புத்தகத்தின் தலைப்பில் பதினைந்து எழுத்து ஜி.எஸ்.டி. எண் அச்சிட்டிருக்கிறது. தமிழ்நாட்டுக்குரிய 33இல் தொடங்கும் அந்த எண்ணை ஒவ்வொரு வியாபாரியும் வாங்குகிற பில்லில் ஒத்துப் பார்க்கிறார். ஓர் எழுத்து பிசகினாலும் வரிக்கழிவு கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். கோப்புகளைப் பெறுகிற ஒவ்வொரு தணிக்கை அலுவலகமும், ஏல நிறுவனமும், வங்கியும், அரசுத் துறையும், தன் சர்வரின் விரல்ரேகையான அந்த 43 எழுத்துகளை ஜி.எஸ்.டி. எண்ணுக்குக் கீழே தன் கடிதத்தாளில் அச்சிடட்டும். அலுவலகச் சுவரில் கட்டண விவரம் எழுதியிருக்கும் பலகையில் எழுதி வைக்கட்டும். கணினி வழியாக வந்ததைக் கணினி வழியாகவே சரிபார்ப்பது, தரகனைப் பற்றித் தரகனிடமே விசாரிப்பது போன்றது. காகிதத்தில், வேறு வழியாக வந்து சேர்ந்த எழுத்து வேண்டும். மாவட்ட நிர்வாகம் ஒப்பந்தப்புள்ளி கோரும் விளம்பரங்களைப் பத்திரிகைகளில் வெளியிடுகிறதே, அதன் அடியில் ஒரு வரி கூடுதலாக வந்தால் என்ன குறைந்துவிடும்? போடியிலுள்ள அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஒரு விடுமுறைக் காலத்தில் போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர்க் கடைவீதிகளில் கடை கடையாக ஏறி, இந்த ஒரு காரியத்தையும், வேலை முடிந்ததும் கோப்பை அழிக்கும் இன்னொரு காரியத்தையும் சொல்லிக்கொடுத்தால், ஆயிரம் சுவரொட்டிகளைவிட அது பயன்படும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அன்று உத்தமபாளையத்தில் நான் என் மருமகனை விடவில்லை. ஞாபகத்தில் பதிந்திருந்த வரியை அழிக்கச் சொல்லி, சென்னை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசச் சொன்னேன். சர்வர் விவரத்தோடு வந்த கடிதத்திலிருந்த எண்ணுக்கு அல்ல, அவர்களுடைய பழைய பில்லில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு. எடுத்த பெண்ணுக்கு முதலில் அவன் கேட்டது புரியவில்லை. "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே சார்" என்றாள். பத்து நிமிஷத்தில் விசாரித்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

அவள் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, இவன் ஒரு பழைய ஏலச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். பெரிய டி, சின்ன எக்ஸ், ஏழு, சின்ன க்யூ. பாதியில் நிறுத்தி, "மேடம், அது சைபரா, ஓ-வா?" என்று கேட்டான். "ஓ சார், பெரிய ஓ." நாலு நிமிஷம் ஆயிற்று. பிறகு மறுபடியும் தொடர்பு கொடுத்தான். அதே கேள்வி திரையில் வந்து நின்றது. யெஸ் என்று அடிப்பதற்குப் பதில் விரல்ரேகையையே அங்கே அடித்தால், இயந்திரம் தானாக ஒத்துப் பார்த்துக்கொள்ளும் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. சீட்டைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாக அடிக்க ஆரம்பித்தான்.